ஆணியில் மாட்டியது எனக்கு

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. அதில் எதை மாட்டினாலும் அது எனக்குச் சொந்தம். யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று கேட்க மாட்டேன். கிழிப்பேன், நறுக்குவேன், பிரிப்பேன். வெளுத்துப்போன படுக்கை விரிப்பு, பிள்ளைக்குச் சிறுத்துப்போன டி-ஷர்ட், முழங்கால் தேய்ந்த பேன்ட், எது வந்தாலும் சில நாளில் மிதியடியாகவோ திண்டு உறையாகவோ பையாகவோ மாறி வெளியே போகும். கட்டடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பகலில் எங்கள் கதவு திறந்துதான் இருக்கும். வருவார்கள், மாட்டுவார்கள், போவார்கள். இரண்டாம் மாடி அம்மா, வீட்டுக்காரரோடு சண்டை போட்ட அன்றெல்லாம் அவருடைய நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் அந்த மனுஷன் மூச்சிரைக்க ஓடி வருவார். "வெட்டிட்டீங்களா சார்?" என்பார். "காலரை மட்டும்தான்" என்பேன். அப்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே!

நான் பஸ் டிரைவராக இருந்தவன். தோள்பட்டை மக்கர் செய்ததும் வண்டியை விட்டு இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தவன் சும்மா உட்கார்ந்தேனா? குக்கரை எப்படி மூடுவது, துணியை எந்தப் பக்கம் காயப்போடுவது என்று என் மனைவிக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அவள் பொறுமை போய்விட்டது. பாதியில் விட்டிருந்த மேசை விரிப்பையும் குரோஷா ஊசியையும் கொண்டு வந்து என் மடியில் வீசினாள்.

"கைக்கு வேலை இல்லாமத்தான் வாய் இப்படி நீளுது. இந்தாங்க, இதைப் பின்னுங்க. ஒரு வரி ஒழுங்கா பின்னிட்டா அப்புறம் எனக்குச் சொல்லிக்குடுக்கலாம்."

அவளை வெறுப்பேற்றுவதற்காகத்தான் பின்ன ஆரம்பித்தேன். முழுதாகப் பின்னியும் முடித்தேன். அப்புறம் கை நிற்கவில்லை. ஆனால் அந்த வீரமெல்லாம் அவள் முன்னால் மட்டும்தான். யாராவது வந்தால் நூலைச் சுருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். என் மகள் எனக்கு வயிறு கெட்டுப்போச்சு என்று மாத்திரை வாங்கி வந்தாள். அந்த மாத்திரையைப் பார்த்ததும் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. ஊரறிய பஸ் ஓட்டியவன் ஊசியைப் பிடிக்க பாத்ரூமா? அன்றைக்கே நாற்காலியைத் தூக்கித் தெருவைப் பார்த்த பால்கனியில் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் டிப்போ பஸ் அந்த வழியாகத்தான் போகும். பழைய சகா ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு ஹாரனை விடாமல் அடித்தான். அடிடா என்று விட்டேன். இப்போது அவன் சீட்டில் போட்டு உட்காருவது நான் பின்னிய திண்டுதான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆணியால் என் மகள் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

என் மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. தங்கமான பையன், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அவன் அப்பா ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை, சின்ன பேச்சு. ஆனால் அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சு செல்லாது. அவருடைய அண்ணன், பையனின் பெரியப்பா, கட்டடக் காண்ட்ராக்டர், அவர் சொன்னால்தான் எதுவும் நடக்கும். அவர் சரி என்று தலையாட்டினால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

அவர்கள் முதல் தடவை பேச வந்த அன்று காலையிலிருந்தே தூறல், குளிர். என் மனைவி கெஞ்சினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்த நூல் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில தள்ளுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன், அதுல என்ன திருட்டுச் சாமானா இருக்கு?" என்று கேட்டேன். தள்ளவில்லை. போனால் போகிறதென்று கூடையில் மட்டும் அடுக்கிவைத்தேன்.

அவர்கள் வந்த நேரத்தில் நான் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பையன், ஜெயிலர், பெரியப்பா மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு திண்டை உருவி, "நல்லா இருக்கே, எங்க வாங்குனது?" என்றார்.

"நான் பின்னினது."

அவர் சிரித்த சிரிப்பில் டீ டம்ளர் ஆடியது. "டிரைவர்னுதானே சொன்னாங்க? டெய்லரம்மான்னு யாரும் சொல்லலையே!"

எனக்குக் கோபம் மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். ஜெயிலர் சிரிக்கவில்லை. இன்னொரு திண்டை எடுத்துத் திருப்பி, அதன் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஜெயிலில் சோதனை போட்ட கை, என் வீட்டுத் திண்டையும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. அவர்கள் கிளம்பும்போது மழை விட்டு வெயில் அடித்தது. யாருக்கும் குளிரவில்லை. அதுதான் வினையாகிப்போனது.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், ஆணியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் தொங்குகிறது. மூன்றாம் மாடி டீச்சர், "எங்க வீட்டுக்காரரோட பழைய ஸ்வெட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, மாட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார். நானும் அதுதான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தொட்டுப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கையால் பின்னிய ஸ்வெட்டர், அத்தனையும் சுத்தமான கம்பளி நூல். எங்கள் ஆணிக்கு இப்படி ஒன்று வந்ததே இல்லை. கடை ஸ்வெட்டரைப் பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். கையால் பின்னியதோ, நுனியைப் பிடித்துவிட்டால் முழுசும் ஒரே நூலாக ஓடி வரும். முதலில் பக்கத் தையல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி, கைகளைத் தனியே எடுத்தேன். அப்புறம் கழுத்தில் கடைசிக் கண்ணியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று வந்தது. நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே போனேன். ஒரு நூல் தீர்ந்து அடுத்த நூல் தொடங்கும் இடத்தில் எல்லோரும் முடிச்சுப் போடுவார்கள். இதில் முடிச்சே இல்லை. இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் உருட்டி ஒட்டியிருந்தார்கள். எங்கே ஒட்டியது என்று விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ பெரிய கை என்று வாய்விட்டே சொன்னேன். பிரித்த நூலை நீள வளையங்களாக, சிட்டம் சிட்டமாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நெளிவு போவதற்காக அடியில் தண்ணீர் பாட்டிலைக் கனத்துக்குத் தொங்கவிட்டுப் பால்கனியில் காயப்போட்டேன். பச்சைப் பசேலென்று ஆடியது. பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது.

மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, நேத்து அவங்க அப்பா ஸ்வெட்டரை நம்ம வீட்டுல மறந்து வச்சுட்டாராம். ஈரமா இருந்துச்சுன்னு கதவுக்குப் பின்னாடி மாட்டினாராம். இருக்கா பாருங்க."

நான் பால்கனியைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றேன். "ஆனா ஸ்வெட்டரா இல்ல."

முதலில் அவள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியதும் போனை வைத்துவிட்டாள். என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மகள் பொய் சொல்லத் தெரியாதவள், பையனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அவன் வீட்டுக்குச் சொல்ல, ஜெயிலர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார்கள், பெரியப்பா முன்னால், மற்ற இருவரும் பின்னால். வெளியே நல்ல குளிர்காற்று. பெரியப்பா கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளர் சுற்றியிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அது என்ன ஸ்வெட்டர்னு தெரியுமாய்யா உமக்கு? வெளிநாட்டுச் சாமான். என் தம்பி கூட வேலை பார்த்த அதிகாரி அங்க போய் செட்டில் ஆனவரு, அவரு அனுப்பினது. இதோ, இந்த மஃப்ளரும் அவரு அனுப்பினதுதான். தொட்டுப் பாரும்! இந்த மாதிரி உம்மால ஜென்மத்துக்கும் வாங்க முடியுமா?"

தொடச் சொன்னாரே என்று தொட்டேன். நுனியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். எந்த நாட்டுக் கையோ, ஸ்வெட்டரைப் பின்னிய அதே கை.

ஜெயிலர் நேராகப் பால்கனிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். தொங்கிய சிட்டங்களின் முன்னால் நின்று, ஒன்றை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"எங்கிருந்து பிரிச்சீங்க?" என்றார் மெல்ல.

"கழுத்துல இருந்து. முதல்ல பக்கத் தையலை எடுத்துட்டு."

"வெந்நீரா போட்டீங்க?"

"சேச்சே. வெதுவெதுப்புதான். கம்பளி சுருங்கிடாதா?"

"ம்." தலையை ஆட்டினார். "முடிச்சு ஒண்ணும் தட்டியிருக்காதே?"

"ஒண்ணுகூட இல்ல சார். பின்னுன கைக்குத் தங்கத்துல மோதிரம் போடலாம்."

மீசைக்காரரின் காது சிவந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சட்டென்று என்னைப் பார்த்தார், அப்புறம் உள்ளே இருந்த அண்ணனைப் பார்த்தார், அப்புறம் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். அட கடவுளே! அந்த வெளிநாட்டு அதிகாரி என் பால்கனியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போனோம். பெரியப்பா நாட்டாமை மாதிரி உட்கார்ந்திருந்தார். என் மனைவி சுவரோரமாக நின்றாள். மகளும் பையனும் ஆளுக்கொரு மூலையில்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் பெரியப்பா. "பொண்ணு நல்ல பொண்ணு. அதுக்காகப் பார்க்கிறேன். ஒரே ஒரு விஷயம். இந்தக் கந்தல் வியாபாரத்தை இன்னையோட நிறுத்தணும். நாளைக்கு எங்க சொந்தக்காரங்க வந்து போற வீடு இது. சம்பந்தி ஊசியும் நூலுமா உட்கார்ந்திருந்தா நான் எங்க கொண்டு போய் மூஞ்சியை வச்சுக்கிறது? அந்த ஆணியை இப்பவே, என் கண்ணு முன்னாடி பிடுங்குங்க. கல்யாணத்துக்கு நாள் பார்ப்போம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள், ஒரு ஆணிதானே என்று அவள் கண் கேட்டது. உண்மைதான், ஒரு ஆணிதான். குறடை எடுத்து ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். மகளுக்கு ஆசைப்பட்ட பையன் கிடைப்பான். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதத்தில் நான் பின்னிய காலுறை.

என்னிடம் வேறு ஒரு வழியும் இருந்தது. நாக்கு நுனியிலேயே இருந்தது. 'உங்க தம்பியைக் கேளுங்க சார், அந்த மஃப்ளர் எந்த நாட்டுலருந்து வந்துச்சுன்னு.' இவ்வளவு சொன்னால் போதும், மனுஷன் முகத்தில் ஈயாடாது. சும்மா இருக்கிற வாயா என் வாய்? ஆனால் ஜெயிலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்குத் தெரியும். பாத்ரூம் தாழ்ப்பாளுக்குப் பின்னால் நானும் அப்படித்தான் நின்றிருந்தேன். என் தாழ்ப்பாளை நானேதான் திறந்தேன். அவருடையதை உடைக்க நான் யார்? அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு மற்றதைப் பேசினேன்.

"ஸ்வெட்டரைப் பிரிச்சது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். சார்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதே நூல், அதே அளவு, திரும்பப் பின்னித் தர்றேன். ஆனா ஆணியைப் பிடுங்க மாட்டேன். என் கை பின்னும். நான் பகல்லதான் பின்னுவேன், பால்கனியிலதான் பின்னுவேன். கல்யாண மண்டபத்துல நேரம் கிடைச்சா அங்கேயும் பின்னுவேன். என் பொண்ணோட அப்பன் யாருன்னு உங்க சொந்தக்காரங்க தெரிஞ்சுக்கிட்டே வரட்டும்."

"கேட்டியாம்மா?" பெரியப்பா என் மகள் பக்கம் திரும்பினார். "உன் கல்யாணத்தைவிட உங்க அப்பாவுக்குக் கந்தல்தான் பெருசு."

மகள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அப்பா அந்த ஆணியைப் பிடுங்கினா நானே சுத்தியல் எடுத்து இன்னொண்ணு அடிப்பேன் பெரியப்பா. கல்யாணம் வேணும்தான் எனக்கு. எங்கப்பாவை ஒளிச்சு வச்சுட்டுப் பண்ற கல்யாணம் வேணாம்."

"நல்லாக் கேளுங்க" என்றாள் என் மனைவியும். எங்கிருந்து வந்ததோ அவளுக்கு அந்த ரோஷம்! "அந்த ஊசியை இவர் கையில குடுத்ததே நான்தான். தப்புன்னா என் மேலதான் தப்பு. குடுத்ததைத் திரும்ப வாங்கிக்க மாட்டேன், போங்க."

பெரியப்பா எழுந்தார். மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "சம்பந்தமே வேணாம். எழுந்திரிங்கடா, போலாம்."

பையன் அசையவில்லை. "நான் வரல பெரியப்பா" என்றான். எங்கள் வீட்டில் அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தது அப்போதுதான். ஜெயிலர் மட்டும் நடந்தார். வாசல் வரை போனார். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் அங்கேயே நின்றார். கதவுக்குப் பின்னால் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தார். நுழைத்த காலைச் செருப்பிலிருந்து எடுத்தார். திரும்பி வந்தார், என் கூடைக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார், இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"சிட்டத்தைக் கொண்டாங்க. ஒரு ஆள் பிடிச்சாத்தானே உருண்டை சுத்த முடியும்?"

ஓடிப்போய் பால்கனியிலிருந்து காய்ந்த சிட்டத்தை எடுத்து வந்தேன். அவர் நீட்டிய இரண்டு கையிலும் மாட்டினேன். எத்தனை பேருக்கு விலங்கு மாட்டிய கையோ, பச்சை நூல் மாட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"டேய், என்னடா பண்ற?" என்றார் பெரியப்பா.

"அண்ணே, அந்த ஸ்வெட்டரைப் பின்னுனது நான்தான்." ஜெயிலர் குரலை உயர்த்தவில்லை. "ஜெயில்ல கைதிங்களுக்குப் பின்னல் சொல்லிக்குடுக்க ஒரு மாஸ்டர் வருவாரு. நான் காவலுக்கு நிப்பேன். நின்னு நின்னு பார்த்தே கத்துக்கிட்டேன். மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்துதான் இத்தனை நாளா பின்னிட்டு இருக்கேன்."

"அப்பா!" பையன் அலறினான். "நீங்க அங்க சிகரெட் பிடிக்கிறீங்கன்னு அம்மா தினம் சண்டை போடுவாங்களே!"

"சிகரெட்டுன்னே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அது கௌரவமாத் தெரிஞ்சுது எனக்கு. தூ!" என்றார் ஜெயிலர். அந்தத் 'தூ' அவருக்கே சொல்லிக்கொண்டது. "வெளிநாட்டு அதிகாரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல அண்ணே. உன் கழுத்துல இருக்கிறதும் நான் பின்னுனதுதான்."

பெரியப்பாவின் கை தானாக மஃப்ளருக்குப் போனது. முகம் கறுத்துவிட்டது. உருவி எடுத்தார். "பொம்பளை வேலை! இதைப் போட்டுக்கிட்டா நான் நாலு பேர் முன்னாடி பெருமை அடிச்சேன்? எனக்கு வேணாம்!" என்று விடுவிடுவென்று கதவுப் பக்கம் போனார். மஃப்ளரோடு கையை ஆணிக்கு உயர்த்தினார்.

"தாராளமா மாட்டுங்க சார்" என்றேன், நூலைச் சுற்றிக்கொண்டே. "ஆனா அதுல மாட்டினா எனக்குச் சொந்தம். நீங்க தெரு முனை திரும்புறதுக்குள்ள பிரிக்க ஆரம்பிச்சுடுவேன்."

"மாட்டு அண்ணே" என்றார் ஜெயிலர். அவர் திரும்பக்கூட இல்லை, கையில் நூல் இருந்ததே. "ஆனா இன்னொண்ணு பின்னித் தர மாட்டேன்."

பெரியப்பாவின் கை ஆணிக்கு அருகிலேயே நின்றது. திறந்த கதவு வழியாகக் குளிர்காற்று அடித்தது. நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தோம். அவர் மஃப்ளரைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், மறுபடி மஃப்ளரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழுத்தில் சுற்றி, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்கிற மாதிரி நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். திரும்பி வந்து, நான் பின்னிய திண்டில் பொத்தென்று சாய்ந்தார்.

"கதவையாவது சாத்துங்கய்யா. குளிருது" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சாத்த முடியாது சார்" என்றேன். "பகல்ல இந்தக் கதவு திறந்துதான் இருக்கும்."